ஈரத் துணியும் முப்பத்தேழு பல்லும்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. இது பிறவிக் குணம் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் லாரி, வேன், பிக்கப் என்று வண்டிகளின் பின்னச்சுக்கு அடியில் மல்லாந்து கிடந்ததில் ஒட்டிக்கொண்டது. அடியில் கிடப்பவனுக்கு மேலே நிற்பவர்களின் செருப்பு மட்டும்தான் தெரியும். செருப்பைப் பார்த்தே ஆளை எடைபோட்டுப் பழகிவிட்டால், அப்புறம் முகத்தைப் பார்த்தாலும் நம்பிக்கை வருவதில்லை.

போன மாதம் ஒரு பனியன் எக்ஸ்போர்ட்காரர் என் வீட்டைத் தேடி வந்தார். பழைய அமெரிக்கப் பிக்கப் ஒன்றை எங்கேயோ பிடித்து, பெயின்ட் அடித்து, நிக்கல் பூசி, புது மாப்பிள்ளையாக்கி வைத்திருக்கிறார். பின்னச்சில் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. இரண்டு ஜோடி கிடைத்திருக்கிறது. ஒன்று முப்பத்தொன்பது பல், இன்னொன்று முப்பத்தேழு பல். எதைப் போடுவது என்று போனில் தேடினாராம். முப்பத்தேழுதான் வேகம் என்று போன் சொன்னதாம். "எதுக்கும் பெரியவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தனுங்க" என்றார். என்ன ஏற்றப்போகிறீர்கள் என்று கேட்டேன். சும்மா ஓட்டிப் பார்க்கத்தான், பாரமே இல்லை என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. அதே இரண்டு ஜோடி, அதே மாதிரி வண்டி, அதே மாதிரிப் பேச்சு. அறுபதுகளின் நடுவில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் கற்ற கதையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோயமுத்தூரில் ஒரு பஸ் ஷெட்டில் நாலு வருஷம் கிரீஸ் துடைத்தேன். அடியும் திட்டும் வாங்கினேன். பிறகு திருப்பூரில் தாராபுரம் ரோட்டில் மாரப்ப மேஸ்திரியின் பட்டறையில் சேர்ந்தேன். இந்தச் சம்பவம் நடக்கும்போது நான் அங்கே ஏழு வருஷம் ஆன மெக்கானிக்.

மாரப்ப மேஸ்திரி ஒல்லியான மனிதர். காதில் ஒரு சாக்பீஸ் துண்டு எப்போதும் செருகியிருக்கும். அவருக்கு எதிலும் சந்தேகம். இரும்பில் எண் வெட்டியிருந்தால் அது யார் வெட்டியது என்பார். பில்லில் எழுதியிருந்தால் பில்லை யார் எழுதியது என்பார். பின்னச்சில் என்ன பல் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அவருக்கு ஒரே வழிதான், சுற்றிப் பார்ப்பது.

அதை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பின்சக்கரத்தில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்க வேண்டும். மற்றது தரையில் அசையாமல் நிற்க வேண்டும். கியரை விடுவித்துவிட்டு, தூக்கிய சக்கரத்திலும் வண்டிக்கு நடுவே ஓடும் புரொப்பல்லர் தண்டிலும் சாக்பீஸால் கோடு போட வேண்டும். சக்கரத்தைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அதற்குள் தண்டு எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் கணக்கு. ஒரு சுற்றோடு நிறுத்தினால் பாதிதான் வரும். அரைகுறையாகக் கற்றவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஒருவர் சுற்ற, ஒருவர் எண்ண வேண்டும். பிறகு ஆளை மாற்றி இன்னொரு தடவை. அப்புறம் சுற்றியவன், எண்ணியவன் இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு மேஸ்திரி தானே ஒரு தடவை எண்ணுவார். மூன்றும் ஒத்து வந்தால்தான் சாக்பீஸ் காதுக்குத் திரும்பும்.

பின்னச்சுக்குள் இருப்பது ஒரு பெரிய பல்சக்கரமும் ஒரு சிறிய பல்சக்கரமும். கிரவுன், பினியன் என்போம். இரண்டும் ஒன்றோடொன்று உரசிப் பழகிய ஜோடி. பிரித்து வேறு ஒன்றோடு சேர்த்தால் ஊளையிடும், பிறகு உடையும். பழைய இரும்புக் கடைக்காரர்கள் ஜோடியைக் கலைத்து விற்பார்கள். அதனால் மேஸ்திரி எந்த ஜோடி வந்தாலும் இரண்டையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, உள்பக்கமாக அரத்தால் ஒரு ரகசியக் குறி போட்டுவைப்பார். அந்தக் குறி எங்கே இருக்கிறது என்று எனக்கே சொல்ல மாட்டார். ஏழு வருஷம் கூட இருந்தவனிடம் இப்படியா என்று எனக்கு வருத்தம்தான்.

இந்த மேஸ்திரியையே தூக்கிச் சாப்பிடுகிற சந்தேகக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். பழனியப்பன் என்று பெயர், பனியன் கம்பெனி முதலாளி. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கிருத்திகை தவறாமல் முருகனுக்கு விரதம். யாரிடம் பேசினாலும் பேசுகிறவரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மிலிட்டரி ஏலத்தில் வந்த ஒரு பழைய பிக்கப் அவரிடம் இருந்தது. அதை ஓட்டியவர் தங்கவேலு, மூலனூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். கார் டயரில் வெட்டித் தைத்த செருப்பு போட்டிருப்பார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வண்டி மெதுவாகப் போகிறது, கோயமுத்தூர் போய் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது என்பது முதலாளியின் குறை. சுற்றிப் பார்த்தோம். பெரிய சக்கரத்தில் முப்பத்தொன்பது பல், சிறியதில் எட்டு. சக்கரம் ஒரு சுற்று வர இன்ஜின் பக்கம் ஏறத்தாழ ஐந்து சுற்று சுற்ற வேண்டும். இழுவை நன்றாக இருக்கும், ஓட்டம் இருக்காது. முப்பத்தேழுக்கு ஒன்பது போட்டால் நாலு சுற்றுக்குச் சற்று மேல். ஓட்டம் வரும், இழுவை குறையும். மேஸ்திரி வழக்கமான மூன்று கேள்வியைக் கேட்டார். என்ன பாரம், என்ன ரோடு, என்ன டயர்.

"துணிதானுங்க மேஸ்திரி. தொள்ளாயிரம் ராத்தல் தாண்டாது. வேணும்னா எங்க கம்பெனித் தராசுல வந்து பாருங்க."

கிலோ வந்து சில வருஷம் ஆகியும் எங்கள் ஊரில் துணியை ராத்தலில்தான் பேசுவார்கள், ஒரு ராத்தல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மேஸ்திரி நிஜமாகவே கம்பெனிக்குப் போய்த் தராசில் பார்த்தார். ஒரு மூட்டை நூறு ராத்தல். ஒரு நடைக்கு ஒன்பது மூட்டை. அவர் சொன்னது சரிதான். திரும்பி வந்து, பட்டறையில் குறி போட்டு வைத்திருந்த முப்பத்தேழு ஜோடியை மாட்டச் சொன்னார். பல்லில் சிவப்பு ஈயப்பொடியைக் குழைத்துத் தடவி, சுற்றிப் பார்த்து, உரசல் பல்லின் நடுவில் விழுகிறதா என்று மூன்று நாள் சரிபண்ணினோம். என் வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமாக ஒரு பின்னச்சு மாட்டியதில்லை.

ஒரு வாரத்தில் முதலாளி முறைத்துக்கொண்டு வந்தார். பல்லை மாற்றவே இல்லை, மீட்டர் முன்னைப் போலத்தான் முப்பத்தைந்து காட்டுகிறது என்றார். மீட்டர் கியர் பெட்டியிலிருந்து ஓடுவது, பின்னச்சில் நடந்தது அதற்குத் தெரியாது என்று எவ்வளவோ சொன்னோம். நம்பவில்லை. மேஸ்திரி அவரையே வண்டியில் ஏற்றி, மைல்கல்லுக்கு மைல்கல் அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி ஓட்டிக் காட்டினார். இறங்கியதும் முதலாளி கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பத்து நாளில் அந்தச் சிரிப்பு போய்விட்டது, கிளச் கருகி வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

புதுக் கிளச் தட்டு போட்டுக் கொடுத்தோம். மூன்று வாரத்தில் அதுவும் கருகியது. இந்தத் தடவை முதலாளி பட்டறை வாசலில் நின்று, தெருவே கேட்கிற மாதிரி சொன்னார். நல்ல ஜோடியை எடுத்துக்கொண்டு ஏதோ பழைய இரும்பைப் போட்டுவிட்டோமாம். மேஸ்திரி பின்னச்சைத் திறக்கச் சொன்னார். முதலாளி கண்முன்னே பல்லை எண்ண வைத்தார். பிறகு கிரவுனின் உள்பக்கத்தைத் துடைத்து, அரம் போட்ட குறியைக் காட்டினார். அன்றைக்குத்தான் நானும் அதைப் பார்த்தேன். முதலாளி வாயை மூடிக்கொண்டார். ஆனால் கிளச் ஏன் கருகுகிறது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. பட்டறையின் பேர் தொங்கிக்கொண்டிருந்தது.

தொள்ளாயிரம் ராத்தலுக்கு அந்தப் பல் தாராளமாக இழுக்கும். அப்படியானால் வண்டி அதற்கு மேல் இழுக்கிறது. என் மூளை அன்றைக்கு இப்படித்தான் ஓடியது. வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். பின்னச்சின் மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்து காய்ந்திருந்தது. பலகைச் சந்துகளிலும் அதே வெள்ளை. நகத்தால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. சுண்ணாம்பு. இந்தத் தங்கவேலு முதலாளிக்குத் தெரியாமல் யாருக்கோ சுண்ணாம்பு நடை அடிக்கிறான், அதில்தான் கிளச் போகிறது என்று முடிவு கட்டினேன். எழுந்து வந்து முதலாளியிடமே சொன்னேன். என்னைப் பெரிய துப்பறிகிறவன் என்று நினைத்துக்கொண்டேன். மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார், தடுக்கவில்லை. பட்டறைப் பேர் தப்பித்தது என்று அவருக்கும் ஒரு நிம்மதி இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே தங்கவேலுவிடமிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லையாம். ஊருக்குள் மட்டும் காரணம் பரவிவிட்டது.

இரண்டு நாள் கழித்து நான் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தபோது ஒரு ஜோடி டயர் செருப்பு பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் வேலை எங்காவது இருக்கிறதா என்று தங்கவேலு மேஸ்திரியிடம் கேட்டார். மேஸ்திரி இல்லை என்றார். செருப்பு வாசல் பக்கம் திரும்பியது. பிறகு, "அந்த வண்டியப் பாருங்க மேஸ்திரி. மேட்டுல ஏற மாட்டாம அழுகுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அடியிலிருந்து வெளியே வரவில்லை. கையில் வேலை இருந்தது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை எதுவும் இல்லை, ஸ்பேனரைச் சும்மா பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

புது டிரைவராக முதலாளியின் சொந்த மச்சினனே வந்தார். அவர் மேல் யாரும் சந்தேகப்பட முடியாது. பதினைந்தாம் நாள் கிளச் கருகியது.

மேஸ்திரி கருகிய தட்டைக் கழற்றி என் காலடியில் வைத்தார். "இப்ப யாருங்க சுண்ணாம்பு ஏத்தறது?" என்று கேட்டார். ஏழு வருஷத்தில் என்னை முதல்முறையாக 'ங்க' போட்டுக் கூப்பிட்டார். அந்த மரியாதை முதுகில் சூடு வைத்த மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் புதுத் தட்டோடு என்னையும் வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

கம்பெனியில் ஒன்பது மூட்டை வெளுக்காத கோராத் துணி ஏற்றினார்கள். வண்டி நன்றாகவே ஓடியது. வீரபாண்டியில் ஒரு சலவைப் பட்டறையில் இறக்கினோம். அங்கே முந்தின நடையில் கொடுத்த துணி வெளுத்துத் தயாராக இருந்தது. அதை ஆட்கள் தொட்டியிலிருந்து தூக்கி, மிதித்துப் பிழிந்து, அப்படியே வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒரு மூட்டையை நாலு பேர் தூக்கினார்கள். ஈரத் துணி. பலகைச் சந்துகளில் தண்ணீர் ஒழுகி, பின்னச்சின் மேல் சொட்டியது. நான் குனிந்து அந்தத் தண்ணீரை விரலில் தொட்டு மோந்தேன். பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைத்தது. அது காய்ந்தால் வெள்ளையாகத்தான் படியும்.

இங்கேயே காயப்போட்டுக் கொடுக்க மாட்டீர்களா என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன்.

"எல்லாருக்கும் இங்கதானுங்க காயப்போடறோம். உங்க முதலாளிக்கு மட்டும் ஈரத்தோட ஏத்தி உடோணும். எங்க களத்துல கெடந்தா நாங்க துணிய உருவிக்குவமாமா" என்றார் அவர், சிரிக்காமல்.

முதலாளியின் தோட்டம் முதலிபாளையம் பக்கம் மேட்டுக்காட்டில் இருந்தது. சொந்த வேலிக்குள், சொந்த ஆள் காவலில் துணி காய வேண்டும். அதற்காக வாரம் மூன்று நாள், அத்தனை தண்ணீரையும் அந்த மூன்று கியர் வண்டி மேடேற்றிக்கொண்டிருந்தது. பட்டறைத் தராசில் ஒரு ஈர மூட்டையைத் தூக்கி வைக்கச் சொன்னேன். இருநூற்றைம்பது ராத்தலைத் தாண்டியது. ஒன்பது மூட்டை என்றால் ஒரு டன். தோட்டத்து மேட்டில் ஏறும்போது இன்ஜின் முனகியது. மச்சினர் கிளச்சில் காலை வைத்து வைத்து எடுத்தார், வேறு வழியில்லை. கருகும் வாடை வந்தது. தங்கவேலு சொன்ன அழுகை இதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னோம். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "துணி தொள்ளாயிரம் ராத்தல்தானுங்க. தண்ணி என்ன நம்முளுதா?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கூலி பேசுவதும் கணக்குக் கேட்பதும் காய்ந்த எடையில்தான். வெளுக்கப் போனது எவ்வளவோ அவ்வளவும் திரும்பி வந்ததா என்பதுதான் பனியன்காரர்களின் கணக்கு. தன் சொத்தில் ஒரு நூலையும் விட்டுவிடாமல் எண்ணுகிற மனிதருக்கு, தன் சொத்து இல்லாத தண்ணீர் கண்ணிலேயே படவில்லை. மேஸ்திரியும் தராசு வரை போய்ப் பார்த்தவர், துணி ஈரமா காய்ந்ததா என்று கேட்கவில்லை. ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்ட நாங்கள் மூன்று பேர் துணி என்கிற ஒரு சொல்லை மட்டும் நம்பியிருந்தோம்.

பழைய முப்பத்தொன்பதை, கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்ததை, அவிழ்த்து மறுபடியும் மாட்டினோம். வண்டி பழையபடி மெதுவாக ஓடியது, ஆனால் மேடேறியது. வேலை முடிந்ததும் மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே, "சொன்னவன்தான் போகோணும்" என்றார்.

தங்கவேலுவைத் தேடி மூலனூருக்கு பஸ் ஏறினேன். முருங்கைக்காய்ச் சந்தையில் விசாரித்தபோது ஒரு லாரியைக் கைகாட்டினார்கள். ஓட்டுகிற இடத்தில் தேடினேன், இல்லை. பின்னால் கட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார். களவு நடை அடித்தவன் என்று பேரெடுத்தவனிடம் யாரும் ஸ்டியரிங் கொடுக்கவில்லை. நான் அவரை ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சுண்ணாம்பு என்று சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பல்ல எண்ணிப் பாத்தீங்க. அடியில படுத்துச் சொரண்டிப் பாத்தீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்களே."

மன்னிப்புக் கேட்டேன். அது சந்தை இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. அவர் ஒன்றுதான் கேட்டார். தன்னிடம் நான் சொன்னதைக் கம்பெனி வாசலில் ஆட்கள் இருக்கும்போது சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மதியம் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வருகிற நேரத்தில் இருவரும் வாசலில் நின்றோம். முதலாளியும் வந்தார். நான் சொன்னேன். தங்கவேலு சுண்ணாம்பு ஏற்றவில்லை, வேறு எந்தப் பாரமும் ஏற்றவில்லை, நான் விசாரிக்காமல் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். பெண்கள் உட்பட ஐம்பது அறுபது பேர் நின்று கேட்டார்கள். முதலாளி பார்வையை என் கையிலிருந்து எடுத்து முதல்முறையாக முகத்தைப் பார்த்தார். பிறகு திங்கட்கிழமை வந்து சாவியை வாங்கிக்கொள்ளும்படி தங்கவேலுவிடம் சொன்னார்.

"பல்ல மாத்தீட்டீங்களாமா முதலாளி?"

"மாத்தியாச்சு."

"அப்ப இனி யாரு ஓட்டுனாலும் போகுமுங்க" என்றார் தங்கவேலு. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். நான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரை அப்புறம் நான் பார்க்கவில்லை. வேறு ஊரில் லாரி ஓட்டுவதாக யாரோ சொன்னார்கள், அது உண்மையாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் ஆசைப்படுகிறேன்.

எக்ஸ்போர்ட்காரரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று மட்டும் கேட்டேன். டிரைவர் வெளியே காரில் உட்கார்ந்திருக்கிறான், அவன் எதற்கு என்றார். கூப்பிடச் சொன்னேன். முப்பது வயதுப் பையன், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அந்தப் பழைய வண்டியில என்ன ஏத்தறீங்க கண்ணு?"

அவர் எக்ஸ்போர்ட்காரரின் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"கல்யாண ஊர்வலத்துக்குப் போகுதுங்க. பொண்ணு மாப்பிள்ளையோட சொந்தக்காரங்க பத்துப் பேரு ஏறுவாங்க. பெரிய ஜெனரேட்டரும் அதுலதான் ஏத்தறமுங்க. நடக்கற வேகத்துலயே போகோணும், கிளச்சு வாடை வருதுங்க."

முப்பத்தொன்பதே போடுங்கள் என்றேன்.